பழைய வாளி, பாட்டில், சாக்கு: நான்கு மணி நேர வெயிலில் என்ன காய்கறி வரும்?

ஒற்றைச்சன்னல்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பால்கனி நாலடி அகலம், பத்தடி நீளம். கிழக்குப் பார்த்தது. காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை நேர்வெயில் விழும். அப்புறம் வெளிச்சம் மட்டும்தான்.

புதுத் தொட்டி எதுவும் வாங்காமல் வீட்டில் சும்மா கிடப்பதை வைத்தே காய்கறி வளர்க்க ஆசை. இதுவரை சேர்ந்திருப்பவை: 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள், 5 லிட்டர் சமையல் எண்ணெய் கேன்கள், குளிர்பான பாட்டில்கள் ஏராளம், ஒரு தெர்மோகோல் பெட்டி, பழைய ஸ்கூட்டர் டயர்கள், நெகிழிச் சாக்குகள், விளிம்பு உடைந்த துணிக்கூடை ஒன்று.

எதில் எதை வைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுவர் முழுக்கப் பாட்டில்களைத் தொங்கவிட்டுத் தக்காளி காய்த்திருக்கும் படங்களை நிறையப் பார்க்கிறேன். நிஜத்தில் அப்படி வருமா?

வேரடி

பாத்திரத்துக்குப் போகும் முன் வெயில் கணக்கை முடித்துவிடுவோம். தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் என்று காய்க்கிற எதற்கும் நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேர நேர்வெயில் தேவை. இலையைப் பறிக்கும் செடிக்கு மூன்று, நான்கு மணி போதும். பூத்து, காய் பிடித்து, பழுக்கவைக்க ஆகும் சர்க்கரை இலை விடுவதற்கு ஆவதைவிட அதிகம். அதைச் செடி வெயிலில்தான் சமைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு உரம் போட்டாலும் அந்த இடத்தை நிரப்பாது.

ஆகவே உங்கள் நான்கு மணி நேரம் கீரை, புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள், முள்ளங்கிக்குச் சரியான இடம். வெயில் அதிகம் படும் மூலையில் மிளகாய் ஒன்று வையுங்கள், காய் குறைவாக இருந்தாலும் வரும். சிறு தக்காளி வகையை ஒரே ஒரு வாளியில் முயன்று பார்க்கலாம். பெரிய தக்காளிக்கு இந்தப் பால்கனி வேண்டாம்.

இன்னொன்று. பருவம் மாற மாற வெயில் விழும் இடமும் நகரும். மணிக்கொரு முறை தரையில் வெயில் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து அதே கோடு வேறு இடத்தில் இருக்கும். அதனால் தூக்கி நகர்த்த முடியாத பாத்திரம் எதையும் வைக்காதீர்கள்.

பாட்டில் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். படுக்கவைத்து வெட்டிய பாட்டிலில் ஒரு லிட்டர் மண்கூட நிற்காது. நன்றாக வளர்ந்த தக்காளிச் செடி கோடையில் ஒரே நாளில் அதைவிட அதிகமான நீரைக் குடித்துவிடும். தக்காளிக்கு 20 லிட்டர், மிளகாய்க்கு 10 லிட்டர், கீரைக்கு 15 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று அளவு மனதில் இருந்தால் குப்பையில் கிடக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் என்ன வைக்கலாம் என்று தெரிந்துவிடும்.

மண்வாசம்

வேரடி அக்கா சொன்னதோடு நான் சேர்ப்பது பாதுகாப்புப் பக்கம். சாப்பிடப்போகும் செடி இது, ஆகவே பாத்திரத்தின் பூர்வீகம் முக்கியம்.

நெகிழிப் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1988இல் வந்த குறியீடு அது. எந்தப் பிசினால், அதாவது எந்த நெகிழி வகையால், செய்தது என்று மட்டும் சொல்லும், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை. ஆனாலும் நமக்கு உதவும். 2, 4, 5 என்றிருந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன், தோட்டத்துக்கு நல்லவை. 1 என்பது குளிர்பான பாட்டில். குறுகிய காலத்துக்குச் சரி. 3 பி.வி.சி., 6 பாலிஸ்டைரீன் (தெர்மோகோல் இதுதான்), இரண்டையும் உணவுச் செடிக்கு நான் எடுப்பதில்லை. 7 என்றால் ‘மற்றவை’ என்று பொருள், எது என்று தெரியாது. தெரியாததில் நடவேண்டாம்.

எண்ணைவிட முக்கியம், முன்பு உள்ளே என்ன இருந்தது என்பது. எண்ணெய் கேன் அருமையான பாத்திரம். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுப் பிசுக்குப் போகக் கழுவினால் போதும். பூச்சிமருந்து, கழிப்பறை அமிலம், எஞ்சின் ஆயில் இருந்தவற்றை எத்தனை முறை கழுவினாலும் தோட்டத்துக்குள் விடாதீர்கள். பெயிண்ட் வாளி பெரும்பாலும் 2 அல்லது 5ஆக இருக்கும், பிசின் நல்லதுதான். ஆனால் வாளியின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்திருக்கும் பெயிண்ட் எந்தக் காலத்தது, எந்த வகை என்று உறுதி உண்டா? இல்லையென்றால் அதில் பூச்செடி வையுங்கள். தேனீ வர அதுவும் தேவை.

டயர் வேண்டவே வேண்டாம். ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடும் எண்ணெய்களும் சேர்க்கிறார்கள். வெயிலிலும் ஈரத்திலும் கிடக்கக் கிடக்கத் துத்தநாகமும் எண்ணெய்களில் உள்ள வளைய ஹைட்ரோகார்பன்களும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும். போதாததற்கு வளைவுக்குள் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும்.

யாராவது மரப்பெட்டி கொடுத்தால் பலகையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். சரக்குக்கு அடியில் வைக்கும் பலகைத் தட்டுகளில் ‘எச்டி’ (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, விட்டுவிடுங்கள்.

துளிர்

மண்வாசம் ஐயா, தெர்மோகோல் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பல வருஷமாகத் தெர்மோகோல் பெட்டியில் கீரை எடுக்கிறேன். எடை இல்லை, உச்சி வெயிலிலும் வேர் சூடாவதில்லை. வேறெந்தப் பாத்திரத்திலும் வாடுகிற கொத்தமல்லி அதில் நிமிர்ந்து நிற்கிறது.

மண்வாசம்

துளிர், வேரைச் சூட்டிலிருந்து காப்பதில் அதற்கு ஈடு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் கவலை வேறு. வெயில் பட்ட தெர்மோகோல் ஒரு வருஷத்துக்குள் மேற்பரப்பில் பொடிந்து மணிமணியாக உதிரும். அந்த மணி மண்ணில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியே இல்லை. மழை வந்தால் சாக்கடைக்குப் போகிறது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை வெளிப்பக்கம் பழைய துணியால் நன்றாகச் சுற்றி வெயில் படாமல் வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சூட்டுக்கு வேறு வழி இருக்கிறது. மண் 35 டிகிரியைத் தாண்டினாலே பெரும்பாலான காய்கறிகளின் வேர் தளர்ந்துவிடும். கறுப்பு வாளியும் தகர டப்பாவும் அந்தச் சூட்டைச் சீக்கிரம் எட்டும். வாளிக்கு வெளியே வெள்ளைத் துணியையோ சாக்கையோ சுற்றுங்கள். அல்லது பெரிய வாளிக்குள் சிறியதை வைத்து, நடுவில் கசக்கிய அட்டையைத் திணியுங்கள். இதனால் நெகிழிக்கும் ஆயுள் கூடும். வாளியை நொறுங்கவைப்பது வெயிலின் புற ஊதாக் கதிர்தான்.

துளிர்

துணி சுற்றும் யோசனை நன்று. இன்றே செய்கிறேன்.

கீரைப்பாத்தி

வாளி எடுத்ததும் முதல் வேலை அடியில் ஓட்டை, இரண்டாவது வேலை இரண்டு அங்குலம் ஜல்லியோ உடைந்த ஓடோ பரப்புவது. ஜல்லி இல்லாவிட்டால் நீர் வடியாது, வேர் அழுகும். இதை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

வேரடி

கீரைப்பாத்தி அண்ணா, ஓட்டை கட்டாயம். ஜல்லியில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கீழே ஜல்லியின் பெரிய இடைவெளி வந்தால் நீர் அதற்குள் சுலபமாக இறங்காது. மேலே இருக்கும் மண்ணின் அடிப்பகுதி ஊறித் ததும்பும்போதுதான் சொட்டத் தொடங்கும். ஆகவே ஜல்லி போடாத வாளியில் அடிமட்டத்தில் நிற்கும் ஈர அடுக்கு, ஜல்லி போட்ட வாளியில் இரண்டு அங்குலம் மேலேறி வேருக்கு நடுவில் நிற்கிறது. வேருக்கு இருந்த இடத்தையும் குறைத்துவிட்டோம், எடையையும் கூட்டிவிட்டோம்.

நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நீரில் நன்றாக ஊறவைத்து, கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். நின்றபின் அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி நீர் கொட்டும். ஸ்பாஞ்சு மாறவில்லை, உயரம்தான் கூடியது. மண்ணும் அப்படித்தான். உயரமான வாளி தானாகவே நன்றாக வடியும். தட்டையான கூடை ஈரம் பிடித்து நிற்கும், அதில் கலவை இன்னும் பொலபொலப்பாக இருக்கவேண்டும்.

வடிகாலைத் தீர்மானிப்பது கலவை. தோட்டத்து மண்ணை மட்டும் வாளியில் நிரப்பினால் சில வாரங்களில் இறுகிவிடும். நான் போடுவது: கழுவிய தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மட்கிய உரம் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்கவேண்டும், இல்லையென்றால் நாற்றின் இலைநுனி கருகும்.

கீரைப்பாத்தி

ஸ்பாஞ்சைச் செய்து பார்த்தேன். நிமிர்த்தியதும் நீங்கள் சொன்னது போலவே ஒழுகியது. ஆனால் ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுத்துண்டாவது வைக்காமல் விட்டால் கலவை கரைந்து வெளியே போகிறதே?

வேரடி

அது நியாயமான கேள்வி. ஓட்டையை மறைக்கும் அளவுக்கு ஒரு துண்டு கொசுவலையோ பழைய பனியன் துணியோ போதும். பரப்ப வேண்டாம்.

ஓட்டை அளவு அரை அங்குலம், 20 லிட்டர் வாளிக்கு ஆறேழு. வாளியைத் தரையோடு ஒட்டி வைக்காமல் செங்கல் துண்டு மீது தூக்கி வையுங்கள். நீரும் வெளியேறும், தளமும் கெடாது.

தளம்பார்ப்பவன்

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எடையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

நன்றாக நனைந்த தோட்டத்து மண் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.8 கிலோ. 20 லிட்டர் வாளி 36 கிலோ ஆகிவிடும். வேரடி சொன்ன நார்க்கழிவுக் கலவையில் அதே வாளி ஈரத்தோடு 20 முதல் 25 கிலோவுக்குள் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் 30 செ.மீ. உயரத்துக்கு வெறும் மண்ணைக் கொட்டினால் அரை டன்னுக்கு மேல். வீட்டுப் பால்கனியைக் கட்டும்போது இப்படியொரு நிரந்தர பாரத்தை யாரும் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள்.

பால்கனி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள நீட்டல். விளிம்பில் வைக்கும் எடைதான் அதை அதிகம் வளைக்கும். வெயில் விளிம்பில்தான் விழுகிறது, எல்லோரும் அங்கேதான் கனமான வாளியை வைக்கிறார்கள். கனமானதைச் சுவரோரம் வையுங்கள். விளிம்புப் பக்கம் ஆழம் குறைந்த கீரைப் பாத்திரங்கள் மட்டும். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே எதையும் தொங்கவிட வேண்டாம். கீழே ஆட்கள் நடக்கிறார்கள். ஏற்கெனவே விரிசல் இருக்கும் பால்கனி என்றால் நேரில் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே ஒரு வாளி வையுங்கள்.

ஒற்றைச்சன்னல்

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. டயர்களையும் தெர்மோகோலையும் ஒதுக்கிவிட்டேன். பெயிண்ட் வாளியில் பூச்செடி. எண்ணெய் கேன்களில் கீரை போடப்போகிறேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, பாட்டில்கள் அப்படியே மிஞ்சிவிட்டன. அவற்றை எதற்காவது பயன்படுத்த முடியுமா?

இரண்டு, முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், காப்பித்தூள் சக்கை ஆகியவற்றை நேராக மண்ணில் போட்டால் உரம் வாங்கவே வேண்டாம் என்கிறார்களே, சரியா?

துளிர்

பாட்டிலை வீசிவிடாதீர்கள்! நாற்று விட அதைப் போல எளிதான பொருள் இல்லை.

பாட்டிலைக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். மூடியில் ஓட்டை போட்டு, நைலான் கயிறோ பழைய பாலியஸ்டர் துணி நாடாவோ நுழைத்து முடிச்சிடுங்கள். மேல் பாதியைத் தலைகீழாகக் கீழ்ப் பாதிக்குள் செருகி, மேலே கலவை, கீழே நீர். திரி வழியாக நீர் தானே ஏறும். பருத்தித் திரி இன்னும் வேகமாக இழுக்கும், ஆனால் மண்ணுக்குள் சீக்கிரம் மட்கிவிடும். திரி நீண்ட உயரத்துக்கு நீரை ஏற்றாது. நீர்மட்டத்துக்கும் மண்ணுக்கும் இடைவெளி ஒரு சாண் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர் இருக்கும் பாதியை வெளியே செய்தித்தாளோ துணியோ சுற்றி இருட்டாக்குங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மண் இருக்கும் பாதிக்கும் அதே போல, வேருக்கு வெளிச்சம் ஆகாது.

இதில் புதினாத் தண்டு, கொத்தமல்லி, வெங்காயத்தாள் நிரந்தரமாகவே வளரும். மிளகாய், தக்காளி நாற்றுகள் ஐந்தாறு இலை வரும்வரை இருக்கலாம், பிறகு இடம் மாற்றுங்கள். அடி வெட்டிய இன்னொரு பாட்டிலை முளைத்த நாற்றின் மேல் கவிழ்த்தால் ஈரம் நிற்கும். மூடியைத் திறந்து வைக்க மறக்கவேண்டாம், வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

மண்வாசம்

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் எழுதுகிறேன். இதில் தவறான நம்பிக்கை நிறைய உலவுகிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். நொறுக்கிப் போட்டால் மண்ணில் கரைய வருஷக்கணக்கு ஆகும். மாவாக அரைத்தால் கொஞ்சம் சீக்கிரம். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு மருந்தாக இதைச் சொல்கிறார்கள். அந்தக் கறுப்பு காய்க்குக் கால்சியம் போய்ச்சேராததால் வருவது, அதுவரை உண்மை. ஆனால் மண்ணில் கால்சியம் இல்லாமல் அது வருவது அபூர்வம். வேர் உறிஞ்சும் நீரோடுதான் கால்சியம் பயணிக்கிறது. இலை நிறைய நீரை ஆவியாக்கும், காய் மிகக் குறைவு. ஒரு நாள் வாளி காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த ஓட்டம் தடைபட்டு, காயின் நுனிக்கு எதுவும் எட்டாது. மருந்து சீரான நீர்தான். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கும், சரியான அளவு வாளியும் இருந்தால் இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டாது.

வாழைப்பழத் தோலில் பொட்டாசியம் உண்டு. ஆனால் தொட்டியில் பச்சையாகப் புதைத்தால் பழ ஈயும் எறும்பும் வரும், மட்கும் சமயத்தில் மண்ணில் இருக்கும் நைட்ரஜனை நுண்ணுயிர்கள் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளவும் கூடும். காப்பிச் சக்கையில் சுமார் 2 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. அப்படியே மேலே பரப்பினால் காய்ந்து ஏடு கட்டி நீரை உள்ளே விடாது, இளம் நாற்றின் வளர்ச்சியையும் தடுக்கும்.

மூன்றையும் மட்கவைத்துப் போடுங்கள், அருமையான உரம். துணிக்கூடையைச் சும்மா வைத்திருக்கிறீர்களே, மட்கு செய்ய அதுவே போதும். உள்ளே பழைய துணி விரித்து, ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போட்டுக்கொண்டே வாருங்கள். கரிமமும் நைட்ரஜனும் சுமார் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்களுக்கு வசதி. அதைக் கையளவில் சொல்வதுதான் இந்தப் பங்குக் கணக்கு. கையில் எடுத்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரவேண்டும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேருங்கள். ஒன்றும் நடக்காமல் கிடந்தால் வறட்சி, நீர் தெளியுங்கள்.

கூடை அளவு சிறியது, ஒரு கன மீட்டர் குவியல் போல உள்ளே சூடேறாது. ஆகவே நோய் வந்த செடியையும் விதை முற்றிய களையையும் இதில் போடாதீர்கள். அந்தக் கிருமியும் விதையும் சாகாமல் அடுத்த பட்டத்தில் திரும்பி வரும்.

கீரைப்பாத்தி

சாக்கைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். என் பார்வையில் உங்களிடம் இருப்பதிலேயே மிகப் பெரிய தோட்டம் அந்தச் சாக்குதான்.

நைரோபியில் கிபெரா என்ற நெருக்கமான குடிசைப் பகுதியில், தரையில் கால்வைக்க இடமில்லாத சந்துகளில்கூடச் சாக்குத் தோட்டம் வைத்துக் கீரை எடுக்கிறார்கள். செய்முறை இது. சாக்கின் நடுவில் இரண்டு பக்கமும் திறந்த தகர டப்பா ஒன்றை நிறுத்தி, அதற்குள் கற்களை நிரப்பி, சுற்றிலும் மண் கலவையைப் போடுங்கள். டப்பா உயரத்துக்கு நிறைந்ததும் டப்பாவை மேலே இழுத்து, மறுபடி கற்கள், மறுபடி கலவை. கடைசியில் சாக்கின் நடுவே அடியிலிருந்து மேல்வரை ஒரு கல் தூண் நிற்கும். நீரை அந்தத் தூணில் ஊற்றினால் எல்லா உயரத்துக்கும் பரவும். இல்லையென்றால் மேல் பாதி சேறாகவும் கீழ்ப் பாதி புழுதியாகவும் இருக்கும். பக்கவாட்டில் சிறு கீறல்கள் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கீரை நாற்று. ஒரு சதுர அடித் தரையில் சுற்றுச்சுவர் முழுக்க இலை!

(வேரடி, இங்கே கல் எதற்கு என்று உங்களுக்கே புரியும். வடிக்க அல்ல, நீரைப் பரப்ப.)

உங்கள் பால்கனிக்கு முழுச் சாக்கு வேண்டாம், தளம்பார்ப்பவன் எச்சரித்த எடை இதிலும் உண்டு. வாயை உருட்டி மடித்து முழங்கால் உயரம் வைத்து, சுவரோரம் நிறுத்துங்கள். நெகிழிச் சாக்கு வெயிலில் நூல் நூலாகப் பிரியத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். தண்டங்கீரை விதைத்து 25, 30 நாளில் அறுக்கலாம். அடியில் நாலு விரற்கடை விட்டு அறுத்தால் மறுபடி தளிர்க்கும். எல்லாக் கேனிலும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு கேன் என்று விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம்.

வேரடி

கல் தூண் விளக்கம் பிரமாதம், அண்ணா. முழுதாக ஏற்கிறேன்.

ஒற்றைச்சன்னல், சிறு தக்காளி வைத்தால் ஒரு குறிப்பு. பால்கனியில் தேனீ வராது என்று கவலை வேண்டாம். தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அசைவு மட்டும் தேவை. பூத்த நாட்களில் காலையில் கொத்தின் தண்டை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். பூ உதிர்ந்துகொண்டே இருந்தால் வெப்பத்தைப் பாருங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் பழுதாகும், சுண்டியும் பயன் இல்லை. குளிர்ந்ததும் தானே காய் பிடிக்கும்.

அறுவடை முடிந்த கலவையைக் கொட்டாதீர்கள். வேரை நீக்கி, கால் பங்கு புது மட்கு கலந்து மறுபடி பயன்படுத்துங்கள். தக்காளி இருந்த வாளியில் அடுத்ததாக மிளகாயோ கத்தரியோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், மண்ணில் தங்கும் நோயும் ஒன்றே. கீரையோ பயறோ போடுங்கள்.

ஒற்றைச்சன்னல்

கடைசியாக ஒன்று. நாளை நான்கு கேன்களிலும் துளை போடுகிறேன். திரிப் பாட்டிலில் நீர் எப்போதும் நிற்கும் அல்லவா, கொசு வந்தால் அக்கம்பக்கத்தில் சொல்லுவார்களே?

துளிர்

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்கச் சாதாரணமாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரத்துக்கு ஒரு முறை, கிழமை தவறாமல், பாட்டிலின் நீர்ப் பாதியைக் கவிழ்த்துக் கொட்டி உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. இரண்டு பாதியும் சேரும் இடைவெளியில் துணியைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுவிட்டால் உள்ளே நுழையவே வழி இல்லை. கேன்களுக்கு அடியில் தட்டு வைத்தால் நீர் ஊற்றிய அரை மணியில் அதைக் காலி செய்துவிடுங்கள்.